மே மாதத்து மறுப்பும் ஜூலை மாதத்து இரவும்: வேலூர் 1806



ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 10 நெருங்கும்போது, நம் மாலை மத்ரஸாவின் பெரிய மாணவர்களுக்கு வேலூர்ப் புரட்சியைப் பற்றி ஒரு பாடம் நடத்துவது நம் வழக்கம். நாம் சிறுவராயிருந்தபோது ஜுமுஆ மேடைகளில் கேட்ட வடிவத்திலேயே அதனைப் பல்லாண்டுகள் சொல்லி வந்தோம். தாடியை மழிக்கச் சொன்னான் வெள்ளையன். சீறி எழுந்தான் சிப்பாய். டிப்பு சுல்தானின் புலிக்கொடி கோட்டையில் ஏறியது. பின்னர்த் துரோகத்தால் எல்லாம் முடிந்தது. கேட்பதற்கு உணர்ச்சியூட்டும் வரலாறு. கால்மணி நேரத்தில் சொல்லி முடித்துவிடலாம்.

சென்ற ஆண்டு அந்தப் பாடத்தின் இறுதியில் ஆவடியிலிருந்து வரும் ஒரு மாணவன் எழுந்தான். "உஸ்தாத், ராத்திரி ரெண்டு மணிக்குன்னு சொன்னீங்களே, அப்போ அந்த வெள்ளைக்காரச் சிப்பாய்ங்க எல்லாம் தூங்கிட்டுத்தானே இருந்திருப்பாங்க?" என்று கேட்டான். ஆம் என்றோம். "தூங்குறவங்களைக் கொல்றது நம்ம மார்க்கத்துல கூடுமா?" என்றான். வகுப்பு முழுவதும் நம் முகத்தையே பார்த்தது. மஃரிப் பாங்கு சொல்லும் நேரமாகிவிட்டதால் நாம் அன்று தப்பித்தோம் என்றே சொல்ல வேண்டும். அந்த வினாவுக்காக அதன்பின் பல இரவுகள் வேலூர் வரலாற்றைப் படிக்க நேர்ந்தது. படித்ததில் நாம் தெளிந்தவற்றையும் தெளியாது நிற்பதையும் இங்கே பகிர்ந்து கொள்கிறோம்.

முதலில் இடத்தைப் பற்றி. வேலூர் பாலாற்றுப் பள்ளத்தாக்கில் அமைந்த ஊர். மைசூர் மேட்டுநிலத்திலிருந்து கணவாய்கள் வழியே கர்நாடகச் சமவெளிக்கு இறங்கும் எவரும் அந்தப் பள்ளத்தாக்கைக் கவனியாது வர இயலாது. ஆகவே ஆற்காட்டு நவாபின் நாட்டுக்கும் மைசூருக்கும் இடையே அது எல்லைக் காவல் ஊராக விளங்கிற்று. அகழி சூழ்ந்த அதன் கருங்கற் கோட்டையை 1780ஆம் ஆண்டு தொடங்கிய போரில் ஹைதர் அலி நெடுங்காலம் முற்றுகையிட்டும் கைப்பற்ற முடியவில்லை. 1769இல் சென்னையின் வாயில்வரை குதிரைகளுடன் வந்து கும்பினியாரை உடன்படிக்கைக்குப் பணியவைத்த ஹைதர் அலிக்கே இணங்காத கோட்டை அது. 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில் டிப்பு சுல்தான் வீழ்ந்தபின், அவருடைய மைந்தர்களையும் குடும்பத்தாரையும் கும்பினியார் அதே கோட்டையில்தான் கொணர்ந்து வைத்தார்கள். பாட்டனாரால் நுழைய முடியாத கோட்டைக்குள் பேரர்கள் அரச கைதிகளாக நுழைந்தார்கள். அவர்களைப் பின்தொடர்ந்து மைசூர் மக்கள் பலரும் வேலூரின் பேட்டையில் குடியேறினர்.

அந்தக் கோட்டையில் காவல் புரிந்தோரில் பெரும்பான்மையர் இந்நாட்டுச் சிப்பாய்களே. 1806ஆம் ஆண்டின் நடுவில் அங்கே சென்னைப் படையின் மூன்று காலாட் பட்டாளங்கள் இருந்தன. ஐரோப்பியரில் 69ஆம் படைப்பிரிவின் நான்கு கம்பெனிகள் மட்டுமே.

இனி அந்த உத்தரவு. சென்னைப் படைக்குத் தலைமைத் தளபதியாயிருந்த சர் ஜான் கிரடாக் என்பவர், பட்டாளத்தின் தோற்றத்தை ஒழுங்குபடுத்த விரும்பினார். 1805ஆம் ஆண்டின் இறுதியில் புதிய விதிகள் பிறந்தன. ஆளுநர் வில்லியம் பெண்டிங்க் அவற்றுக்கு ஒப்புதல் அளித்திருந்தார். சீருடையில் இருக்கும்போது நெற்றியில் சமயக் குறி எதுவும் இருத்தல் கூடாது. காதில் கடுக்கன் கூடாது. முகவாய் மழிக்கப்பட வேண்டும். மீசை ஒரே அளவில் இருக்க வேண்டும். பழைய தலைப்பாகைக்கு மாற்றாக ஐரோப்பியரின் தொப்பியை ஒத்த புதியதொன்று வந்தது. அதில் தோலினாற் செய்த அணியொன்றும் இருந்தது. எந்த விலங்கின் தோல் என்னும் ஐயம் இந்துவுக்கும் வந்தது, முஸ்லிமுக்கும் வந்தது.

இவ்விடத்தில் ஒரு சிறு குறிப்பு. இன்று தொப்பி என்றால் தமிழகத்தில் நம்மைத்தான் நினைப்பார்கள். அன்று 'தொப்பிக்காரன்' என்றால் ஐரோப்பியன். தொப்பி போட்டுக்கொண்டான் என்றால் அவன் தன் சாதியையும் சமயத்தையும் விட்டு வெள்ளையனோடு சேர்ந்துவிட்டான் என்று ஊரார் பொருள் கொள்வர். ஆகவே புதிய தலைப்பாகையுடன் விடுப்பில் ஊருக்குப் போகும் சிப்பாய்க்கு எவரும் பெண் கொடுக்கமாட்டார்கள், உடனிருந்து உண்ணமாட்டார்கள் என்ற அச்சம் பட்டாளமெங்கும் பரவியது. நம் மேடைகளில் இந்த வரலாறு தாடியின் வரலாறாக மட்டும் சொல்லப்படுகிறது. நாமமும் திருநீறும் கடுக்கனும் அதே ஆணையில், தாடிக்கு முன்னதாகவே நிற்கின்றன. அதனை விட்டுவிட்டுச் சொல்வது பாதி வரலாறு. பாதியை மறைத்துச் சொல்வது நமக்குத் தகாது.

நாம் நெடுங்காலம் கவனியாது விட்ட பகுதி இனித்தான் வருகிறது. ஜூலைக்கு முன்பே, அவ்வாண்டு மே மாதத்திலேயே, வேலூரில் ஒரு மறுப்பு நிகழ்ந்தது. அங்கிருந்த ஒரு பட்டாளத்தைச் சேர்ந்த சிப்பாய்கள் புதிய தலைப்பாகையை அணிய மாட்டோம் என்று தம் அதிகாரிகளின் முகத்திற்கு நேரே சொன்னார்கள். ஒருவரையும் அவர்கள் கொல்லவில்லை. மறுத்தவர்களுள் 21 பேர் பிடிக்கப்பட்டு, இராணுவ நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்படுவதற்காகச் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டனர். இருவருக்குக் கசையடியும் பணிநீக்கமும் தண்டனை. அவ்விருவருள் ஒருவர் முஸ்லிம், ஒருவர் இந்து. ஏனைய 19 பேருக்கும் கசையடியே விதிக்கப்பட்டது. அவர்கள் மன்னிப்புக் கேட்டதால் அது நிறைவேற்றப்படவில்லை.

இறைவனுக்கு மாறு செய்யச் சொல்லும் எந்த ஆணைக்கும் கீழ்ப்படிதல் இல்லை என்பது நம் மார்க்கத்தின் அடிப்படைகளுள் ஒன்று. கூலி வாங்கும் இடத்தில் அதனை எவ்வாறு கடைப்பிடிப்பது என்பதற்கு, 'இதைச் செய்ய மாட்டேன்' என்று வெளிப்படையாகச் சொல்லி அதன் விளைவை ஏற்று நின்ற அவ்விருவரும் சான்று. அவர்களை நாம் எந்த மேடையிலும் பேசியதில்லை. புலிக்கொடி அளவுக்குக் கசையடி மேடைக்கு ஏற்றதன்று போலும்.

ஜூன் மாதத்தில் முஸ்தபா பேக் என்னும் சிப்பாய், இந்திய அதிகாரிகள் சிலர் ஒரு சதி செய்கிறார்கள் என்று ஆங்கில அதிகாரியிடம் சென்று சொன்னார். அவர் சொன்னதை விசாரிக்கும் பொறுப்பு, அவர் யார்மீது குற்றம் சாட்டினாரோ அத்தகைய இந்திய அதிகாரிகளிடமே விடப்பட்டது. அவர்கள் அவரைப் பித்தர் என்று அறிக்கை கொடுத்துவிட்டனர். மறுபுறம் கிரடாக்குக்கே ஐயம் தோன்றி, இந்த ஆணையைத் தொடர்வதா என்று ஆளுநர் சபையை வினவினார். பின்வாங்கினால் கட்டுப்பாடு குலையும் என்று சபை கருதியது. அப்போது பின்வாங்கியிருந்தால் இக்கட்டுரைக்கே தேவை இருந்திராது.

ஜூலை 9ஆம் நாள் டிப்புவின் புதல்வியர் ஒருவருக்குத் திருமணம். அதன்பொருட்டு வெளியூரார் பலர் கூடியிருந்தனர். மறுநாட் காலையில் அணிவகுப்புப் பயிற்சி இருந்தமையால், வழக்கமாக வெளியே தங்கும் சிப்பாய்களும் அன்றிரவு கோட்டைக்குள்ளேயே உறங்க அனுமதி பெற்றிருந்தார்கள். நள்ளிரவுச் சுற்றுக்காவலுக்குத் தாமே செல்ல வேண்டிய ஆங்கில அதிகாரி அதனை இந்திய அதிகாரியிடம் ஒப்படைத்தார். அவரோ அதனை ஜமேதார் ஷேக் காசிமிடம் விட்டார். ஷேக் காசிம் சதியின் தலைவர்களுள் ஒருவர்.

10ஆம் தேதி வைகறைக்கு முன், இரண்டு மூன்று மணியளவில், துப்பாக்கிகள் வெடித்தன. கோட்டைத் தளபதி கர்னல் ஃபேன்கோர்ட் சத்தம் கேட்டு வெளியே வந்து சுடப்பட்டார். 69ஆம் படைப்பிரிவினரின் பாளையக் கட்டடத்தைச் சூழ்ந்து, சாளரங்கள் வழியாக உள்ளே சுட்டார்கள். உள்ளே இருந்தவர்கள் கட்டிலில் இருந்தார்கள். 14 அதிகாரிகளும் 100க்கும் மேற்பட்ட படைவீரரும் மாண்டனர். ஃபேன்கோர்ட்டின் மனைவி தம் இரு பிள்ளைகளோடு ஒளிந்திருந்து உயிர் தப்பினார்; அவ்விரவைப் பற்றி அவர் எழுதிய குறிப்பு பின்னர் அச்சேறியது. விடிந்தபோது கோட்டையின் பெரும்பகுதி புரட்சியாளர் கையில் இருந்தது. மைசூர்க் கொடி ஏறியது. டிப்புவின் மைந்தர் ஃபத்தே ஹைதரின் ஆட்கள் அரண்மனைப் பகுதியிலிருந்து வந்து சேர்ந்துகொண்டனர்.

அதன்பின் நடந்தது நம் மேடைகளில் எப்போதும் ஒரு வரியில் கடந்துபோகும் பகுதி. கைப்பற்றிய கோட்டையைக் காக்கும் ஏற்பாடு எதுவும் செய்யப்படவில்லை. அதிகாரிகளின் வீடுகளைச் சூறையாடுவதில் பலர் இறங்கினர். பேட்டையிலிருந்து வந்தவர்களும் அதில் சேர்ந்துகொண்டனர். எஞ்சிய ஐரோப்பியர் 60 பேர் அளவில் மதிலின் ஒரு பகுதியில் ஏறி நின்று, குண்டு மருந்து தீரும்வரை போராடிக்கொண்டிருந்தார்கள். அவர்களை வெளியேற்றவும் இல்லை. கோட்டை வாயிலின் வெளிக்கதவுகள் சாத்தப்படவும் இல்லை.

கோட்டைக்கு வெளியே தங்கியிருந்த ஓர் ஆங்கில மேஜர் 16 மைல் தொலைவிலுள்ள ஆற்காட்டுக்குச் செய்தி அனுப்பினார். அங்கே குதிரைப்படைத் தலைவராயிருந்த கர்னல் ரோலோ கில்லெஸ்பி, செய்தி கிடைத்த கால்மணி நேரத்தில் குதிரையேறிவிட்டார். சுமார் 20 பேருடன் முன்னதாக விரைந்து வந்து, வாயில் வழியே நுழைய இயலாமல், மேலிருந்தவர்கள் தாழ்த்திய கயிற்றைப் பற்றி மதிலில் ஏறினார். பின்னால் வந்த பெரும்படையின் பீரங்கிகள் உட்கதவைத் தகர்த்தன. 19ஆம் குதிரைப்படையும் சென்னைக் குதிரைப்படையும் வாளோடு உள்ளே பாய்ந்தன. அன்று பகல் உச்சிக்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

சென்னைக் குதிரைப்படை என்றோம். அதில் இருந்தவர்கள் யாவர்? அக்காலத்தில் அப்படையின் சிப்பாய்களில் முஸ்லிம்களே மிகுதி. மதிலுக்குள் ஷேக் ஆதம், ஷேக் ஹமீத், ஷேக் ஹுசைன் என்னும் பெயர்கள்; மதிலுக்கு வெளியிலிருந்து வாளை உருவிக்கொண்டு வந்தவர்களிடையேயும் அதே பெயர்கள். முன்கூட்டியே காட்டிக்கொடுத்த முஸ்தபா பேக்கும் நம்மவரே. பிற்பாடு கும்பினியார் அவருக்கு 2,000 வராகனும் ஓய்வூதியமும் அளித்தார்கள். 'துரோகத்தால் முடிந்தது' என்று நாம் சொல்லி வந்தது எவ்வளவு எளிய விடை! அவரவர் தின்ற உப்பு, அவரவர் செய்த சத்தியம், அவரவர் அச்சம் என்று அங்கே பல கணக்குகள் இருந்தன. புரட்சி தோற்றது ஒரு முஸ்தபா பேக்கால் அன்று. அவர் சொல்லை எவரும் நம்பவே இல்லையே. சாத்தாத கதவும் சூறையாடலும்தான் அதனைத் தோற்கடித்தன.

அரண்மனைப் பகுதியில் அடைக்கலம் புகுந்த சிப்பாய்கள் ஏறத்தாழ 100 பேரைக் கில்லெஸ்பியின் ஆணைப்படி வெளியே இழுத்து வந்து, சுவரோரம் நிறுத்திச் சுட்டுக் கொன்றார்கள். கதவைத் தகர்த்த பொறியாளர் பிளாக்கிஸ்டன் இதனைத் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அதனை உடனடி நீதி என்றே அவர் கருதினார். அன்று மாண்ட சிப்பாய்கள் 350 என்று ஒரு கணக்கும் 800 என்று மற்றொரு கணக்கும் உண்டு. விசாரணைக்குப் பிறகு 6 பேர் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடிக்கப்பட்டனர். 5 பேர் சுடப்பட்டனர். 8 பேர் தூக்கிலிடப்பட்டனர். 5 பேர் நாடு கடத்தப்பட்டனர். மூன்று பட்டாளங்களும் கலைக்கப்பட்டன. டிப்புவின் குடும்பத்தார் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். கிரடாக்கும் பெண்டிங்க்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள். (இந்தப் பெண்டிங்க்தான் பின்னர்த் தலைமை ஆளுநராகத் திரும்பி வந்து 1829இல் உடன்கட்டை ஏறுதலைத் தடைசெய்தவர். மனிதரை ஒரே செயலால் அளக்க முடியாது என்பதற்கு இவரும் ஓர் எடுத்துக்காட்டு.)

புதிய தலைப்பாகை பற்றிய ஆணைகள் விலக்கிக்கொள்ளப்பட்டன.

இனி மாணவனின் வினாவுக்கு வருவோம். ஓர் உடன்படிக்கையின்கீழ் நம்பிக்கையுடன் உடனிருப்பவரை, அந்த உடன்படிக்கை முறிந்துவிட்டது என்று அறிவிக்காமல் தாக்குதல் ஆகாது. இதனை நம் ஃபிக்ஹு நூல்களில் அமான் பற்றிய பாடத்தில் மாணவர்கள் படித்தேயிருக்கிறார்கள். எதிரியிடம் மோசடி அஞ்சப்பட்டால்கூட, உடன்படிக்கையை அவர் முன் வெளிப்படையாக எறிந்துவிட்ட பிறகே போர். ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை நம்மை நீதி தவறச் செய்தல் கூடாது என்பது மறையின் ஆணை. மக்கா வெற்றியின் நாளில், தன் வீட்டுக் கதவைத் தாழிட்டுக்கொண்டவருக்கும் பாதுகாப்பு என்று அறிவித்த நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம். கில்லெஸ்பி சுவரோரம் செய்ததைக் கொடுமை என்று சொல்லும் நம் நா, சாளரம் வழியாகக் கட்டிலை நோக்கிச் சுட்டதற்கு வேறொரு சொல்லைத் தேடக் கூடாது. அச்சிப்பாய்களின் துயரம் உண்மையானது. அவர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி உண்மையானது. அவர்களின் துணிவும் உண்மையானது. அந்த இரவின் அச்செயல் கூடாதது. மறுவாரம் வகுப்பில் இதனையே சொன்னோம்.

விடை சொல்லிவிட்டோம் என்று அமர்ந்தபோது, அம்பத்தூரிலிருந்து வரும் மற்றொரு மாணவன், எப்போதும் கடைசி வரிசையில் அமர்பவன், மெதுவாகக் கேட்டான்: "மே மாசம் ஒழுங்கா எதிர்த்துச் சொன்னவங்களுக்குக் கசையடிதான் கெடைச்சுது. ஜூலைல கொன்னதுக்கு அப்புறம்தானே ஆர்டரை வாபஸ் வாங்கினாங்க? அப்போ எது பலிச்சுது, உஸ்தாத்?"

இதற்கு நேர்விடை நம்மிடம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. பலித்ததும் கூடியதும் எப்போதும் ஒன்றாயிருப்பதில்லை என்று மட்டும் சொன்னோம். பலித்ததற்குக் கொடுத்த விலையையும் எண்ணிப் பார்க்கச் சொன்னோம். மே மாதத்தில் நேர்மையாகச் சொன்ன சொல்லைக் கேட்கும் செவி கும்பினியாரிடம் இருக்கவில்லை. அந்தச் செவிகேளாமைதான் ஜூலை இரவைக் கொண்டுவந்தது என்றோம். அவன் தலையசைத்தான். ஒப்புக்கொண்டு அசைத்தானா, மரியாதைக்கு அசைத்தானா என்பது தெரியவில்லை.

காலம் மாறியிருக்கிறது என்பதற்கும் ஒரு செய்தி உண்டு. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு, தாடி வைத்திருந்ததை ஒரு காரணமாகக் கொண்டு ஒரு முஸ்லிம் காவலருக்கு விதிக்கப்பட்ட தண்டனையை நீக்கித் தீர்ப்பளித்தது. 218 ஆண்டுகளுக்குப் பின்னர் அதே ஜூலையில், அதே தாடி பற்றி. துப்பாக்கி இல்லை, ஒரு மனு, ஒரு வழக்கறிஞர், ஒரு நீதிபதி. அந்த 21 பேருக்கு இத்தகைய கதவு ஒன்று திறந்திருக்கவில்லை.

பாடத்தோடு நிறுத்த மனமில்லாமல், பெற்றோரின் அனுமதியுடன் 18 மாணவர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலூருக்கு அழைத்துச் சென்றோம். அகழியில் நீர் நிறைந்திருந்தது. கோட்டைக்குள் ஒரு மஸ்ஜித், ஒரு கோயில், ஒரு தேவாலயம் மூன்றும் உண்டு. மஸ்ஜிதில் தொழுகைக்கு அனுமதியில்லை. ஆகவே லுஹரை வெளியே ஊருக்குள் உள்ள பள்ளியில் தொழுதோம். மக்கான் சந்திப்பில் நிற்கும் நினைவுத்தூணைப் பார்த்தோம். கோட்டையிலிருந்து சிறிது தொலைவில் ஹைதர் அலியின் துணைவியார் பக்‌ஷி பேகமும் டிப்புவின் துணைவியார் பாதுஷா பேகமும் அடங்கியிருக்கும் இடத்திற்குச் சென்று ஸியாரத் செய்தோம். 69ஆம் படைப்பிரிவினர் புதைக்கப்பட்ட ஐரோப்பியர் கல்லறைத் தோட்டத்திற்கும் போக வேண்டும் என்று முதல் வினாவைக் கேட்ட மாணவன் விரும்பினான். போனோம். அங்கே எவரும் உரக்கப் பேசவில்லை.

திரும்பும்போது இருட்டிவிட்டது. ஸ்ரீபெரும்புதூர் கடந்து பூந்தமல்லியின் விளக்குகள் தெரியத் தொடங்கியபோது, சாளரத்தோரம் அமர்ந்திருந்த அந்த அம்பத்தூர் மாணவன் திரும்பி, "அந்த 21 பேரையும் மெட்ராஸுக்கு இந்த வழியாத்தானே கூட்டிட்டு வந்திருப்பாங்க?" என்று கேட்டான். பழைய பெருவழி இதுதான் என்றோம். பேருந்து பாலத்தில் ஏறி இறங்கும்வரை அவன் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.